காலி பாக்கெட்டைத் திருப்பி அனுப்பிய மாணவிகள்

பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தை என்றைக்காவது பொறுமையாகப் படித்திருக்கிறீர்களா? விலை பார்ப்போம், தேதி பார்ப்போம். சர்க்கரை இருப்பவர்கள் இனிப்பின் அளவையும் பார்ப்பார்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில், தயாரித்த நிறுவனத்தின் பெயர், முகவரி, புகார் சொல்ல ஒரு போன் நம்பர், ஒரு இமெயில் எல்லாம் இருக்கும். சட்டப்படி இருந்தே ஆக வேண்டிய விவரங்கள் இவை.

நாம் கவனிக்காமல் விடும் இந்தப் பொடி எழுத்தைச் சில பள்ளி மாணவிகள் படித்தார்கள். படித்ததோடு விடவில்லை.

2018 அக்டோபரில் தூத்துக்குடியில் நடந்தது இது. சுப்பையா வித்யாலயம் பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகள், தாங்கள் தின்று முடித்த பிஸ்கட், சிப்ஸ், வேஃபர் கவர்களைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்தார்கள். சில வாரங்களுக்குள் சேர்ந்தவை 20,000-க்கும் மேல்! அவற்றை நிறுவனம் வாரியாகப் பிரித்தார்கள், எண்ணினார்கள். பிறகு மூட்டை கட்டி, அந்தந்த நிறுவனத்தின் முகவரிக்கே அனுப்பி வைத்தார்கள். கூடவே ஒரு கடிதம். உங்கள் தின்பண்டம் ருசியாக இருக்கிறது, ஆனால் அதைச் சுற்றி வரும் பிளாஸ்டிக்தான் எங்களுக்குப் பிடிக்கவில்லை, மண்ணைக் கெடுக்காத உறைக்கு மாறுங்கள் என்பது அதன் சாரம்.

திட்டலும் இல்லை, கோஷமும் இல்லை. வாடிக்கையாளர் கடைக்காரரிடம் பேசும் மரியாதையான பேச்சுதான். ஆனால் மூட்டையைப் பிரித்தவர்களால் அதை மறந்திருக்க முடியாது.

இந்த முயற்சிக்குத் துணை நின்றவர், அப்போது தூத்துக்குடி மாநகராட்சி ஆணையராக இருந்த ஆல்பி ஜான் வர்கீஸ். பின்னாளில் அவரே திருவள்ளூர் மாவட்ட ஆட்சியராகவும் பணியாற்றினார். இன்னொரு தொடர்பும் உண்டு. மாணவிகள் எண்ணியதில் பாதிக்கும் மேல் பெங்களூரு நிறுவனம் ஒன்றின் பிஸ்கட் கவர்கள். அடுத்த இடத்தில் இருந்த வேஃபர் கவர்களில் அச்சிட்டிருந்த முகவரி எது தெரியுமா? திருவள்ளூர்!

ஆலைக் கழிவுக்குச் சீட்டு உண்டு

திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை சிப்காட் என்று இரும்பு முதல் தின்பண்டம் வரை எல்லாம் தயாராகும் மாவட்டம் அது. ஊர் ஊராகப் போகும் பொருள் இங்கிருந்துதான் லாரி ஏறுகிறது.

தொழிற்சாலைகளின் அபாயகரமான கழிவுகளைப் பாதுகாப்பாகப் புதைக்கும் இடம் ஒன்றும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் இருக்கிறது. அப்படிப்பட்ட கழிவு லாரியில் ஏறினால், எந்த ஆலையிலிருந்து, எவ்வளவு, எங்கே போகிறது என்று ஒரு சீட்டும் கூடவே போக வேண்டும். அதாவது, அந்தக் கழிவுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். ஏதாவது தவறு நடந்தால் அவரைக் கேட்கலாம்.

ஐந்து ரூபாய் பிஸ்கட் கவருக்கு அப்படி யாரும் இல்லை. டீக்கடை வாசலில் கையிலிருந்து நழுவியதும் அது அனாதை. பழைய பேப்பர் கடைக்காரரும் எடுக்க மாட்டார். காரணம், அது ஒரே பொருளால் ஆனதல்ல. பிளாஸ்டிக், மெல்லிய அலுமினியப் பூச்சு, மறுபடி பிளாஸ்டிக் என்று அடுக்கடுக்காக ஒட்டியது. பிரிக்க முடியாது, எடையும் இல்லை. ஒரு கிலோ சேர்ப்பதற்குள் பொழுது போய்விடும். பால் கவருக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் கிடைக்கும் காசு இதற்குக் கிடைக்காது.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது நினைவிருக்கும். கைப்பை, டீ கப், தண்ணீர் பாக்கெட் எல்லாம் அந்தப் பட்டியலில் வந்தன. ஆலையிலேயே பொருளை அடைத்து வரும் உறைகளுக்கு அப்போது விலக்கு. 2021 டிசம்பரில் வந்த ‘மீண்டும் மஞ்சப்பை’யாலும் இந்தக் கவரை ஒன்றும் செய்ய முடியாது. மஞ்சப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாலும், அதற்குள் விழுவது பளபளக்கும் பாக்கெட்தானே!

மழை வந்தால் இந்தக் கவர்கள் வாய்க்காலில் இறங்கும். ஆரணியாற்றுப் பக்கம் என்றால் கடைசியில் பழவேற்காடு ஏரிக்குப் போய்ச் சேரும். இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி அது. வலையை இழுக்கும் மீனவருக்கு மீனோடு கவரும் வருகிறது. இன்னொரு பக்கம், 2020-ல் திறந்த கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் சென்னைக்குக் குடிநீர் தருகிறது. ஆக, கும்மிடிப்பூண்டித் தெருவில் விழும் குப்பை கும்மிடிப்பூண்டியின் தலைவலி மட்டும் இல்லை.

கோலி சோடா சொன்ன பாடம்

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதற்கு விடை தெரியும். கோலி சோடா குடித்தால் பாட்டிலைக் கடையிலேயே வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோனால் முன்பணம் கட்ட வேண்டும். அதனால் தெருவில் சோடா பாட்டில் கிடந்ததே இல்லை. மக்கள் அன்றைக்கு ரொம்ப ஒழுக்கமாக இருந்தார்கள் என்பதால் இல்லை, பாட்டிலுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார்.

அதே பழைய வழக்கம்தான் 2022-ல் நீலகிரியில் திரும்பி வந்தது. காட்டில் உடைந்து கிடக்கும் மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிப்பதாக வழக்கு உயர் நீதிமன்றம் வரை போக, பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது.

பிளாஸ்டிக் உறைகளுக்கும் இப்போது சட்டம் இருக்கிறது. சந்தைக்கு எவ்வளவு உறை அனுப்புகிறதோ, அதற்கேற்ப கழிவைத் திரும்பச் சேகரித்து அப்புறப்படுத்தும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு என்று 2016 விதிகள் சொல்கின்றன. 2022 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல்கள் அதற்கு இலக்குகளையும் வகுத்தன. தூத்துக்குடி மாணவிகள் கேட்டது தர்மம் இல்லை, நியாயம்.

பிள்ளைகள் கேட்டால் பெரியவர்கள் நகர்வார்கள்

இந்தோனேசியாவின் பாலித் தீவில் 2013-ல் மெலாட்டி, இசபெல் வைசன் என்று இரண்டு சகோதரிகள், 12 வயதும் 10 வயதுமாக, பிளாஸ்டிக் பைக்கு எதிராகப் புறப்பட்டார்கள். கடற்கரையைச் சுத்தம் செய்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். ஆளுநர் சந்திக்கவில்லை. காந்தியின் வழியைப் பார்த்து, பகலில் உண்ணாமல் இருக்கத் தொடங்கினார்கள். ஆளுநர் அழைத்துப் பேசினார். 2019-ல் பாலியில் தடை நடைமுறைக்கு வந்தது.

குப்பையைப் பொறுக்குவது பாதி வேலை. கேள்வியை உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது மீதி. நம் பள்ளிகளில் ஊர்வலம், உறுதிமொழி, போட்டோ என்று பெரும்பாலும் முதல் பாதியோடு முடித்துவிடுகிறோம்.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, கவரைப்பேட்டைப் பக்கத்து இளைஞர்களுக்கு ஒரு தனி வசதி உண்டு. தங்கை பள்ளியில் படிப்பாள், அண்ணன் ஐடிஐ முடித்து சிப்காட்டில் ஷிப்ட் போவான். வாங்குபவரும் தயாரிப்பவரும் ஒரே வீட்டில்! அவர்களால் செய்ய முடிந்த சில:

எண்ணுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு தெரு. கையுறை போட்டு, கவர்களைச் சேர்த்து நிறுவனம் வாரியாகக் கணக்கெடுங்கள். ஒரு எச்சரிக்கை: தொழிற்சாலைப் பகுதியில் கிடக்கும் டிரம், சாக்கு, ரசாயன கேன் எதையும் தொடவே கூடாது. அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள்.

எழுதுங்கள். கணக்கையும் போட்டோவையும் கவரில் உள்ள இமெயிலுக்கு அனுப்புங்கள். மரியாதையாக, எண்ணோடு.

கிராம சபையில் பேசுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. 18 வயதான வாக்காளர் யாரும் கேட்கலாம். தூய்மைக் காவலர்கள் கவரைத் தனியாக வாங்குகிறார்களா, வாங்கியது எங்கே போகிறது என்று கேளுங்கள்.

எல்லா மொழியிலும் பலகை வையுங்கள். ஒடிசா, பீகார், ஆந்திரத்திலிருந்து வந்து இங்கே உழைப்பவர்கள் எத்தனை பேர்! தமிழில் மட்டும் பலகை வைத்துவிட்டு, ‘வெளியூர்க்காரங்கதான் குப்பை போடுறாங்க’ என்று சொல்வது சரியா? இந்தி, ஒடியா, தெலுங்கிலும் எழுதுங்கள். பலகைக்குப் பக்கத்தில் ஒரு குப்பைத் தொட்டியும் குடிதண்ணீர்க் குழாயும் இருந்தால் இன்னும் நல்லது. குழாய் இருந்தால் தண்ணீர் பாட்டில் எதற்கு?

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் ஒரு பழைய அரிசிப் பையை மாட்டுங்கள். ஒரு மாதம் பிள்ளைகள் தின்ற பாக்கெட் கவர் எல்லாம் அதில் விழட்டும். மாதக் கடைசியில் குடும்பமாக உட்கார்ந்து எண்ணுங்கள். அடுத்த மாத மளிகைச் சீட்டில் சில வரிகளைப் பிள்ளைகளே அடித்துவிடலாம். அந்த இடத்தில் கடலை மிட்டாயும் பொரி உருண்டையும் ஏறலாம். எண்ணி முடித்த கவர்களை என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? பின்பக்கம் பாருங்கள், முகவரி இருக்கிறது.