உயர்த்துவதா? தாழ்த்துவதா?

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் மன்னார் மாவட்டத்தில் ஒரு பேச்சு எழுவது வழக்கமாகிவிட்டது. மடுவிலிருந்தோ முருங்கனிலிருந்தோ அடம்பனிலிருந்தோ மருத்துவ பீடத்துக்கு ஒரு பிள்ளை தெரிவானால், "மாவட்டக் கோட்டாவில் போன பிள்ளைதானே!" என்று இதழ் சுளிப்பாருளர். அப்பிள்ளையைக் காட்டிலும் கூடிய புள்ளி பெற்றும் இடம் கிடையாத பிள்ளைகள் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் உள்ளனர் என்பது மெய்யே. இவ்வழக்கைப் பேசுங்கால் ஆங்கிலம் கற்ற நண்பர் சிலர் ஓர் அமெரிக்கச் சிறுகதையைச் சான்றுக்கு அழைக்கின்றனர். அக்கதையை நாமும் படித்தோம். சான்று எப்பக்கம் சாய்கிறது என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

கேர்ட் வொனகற் என்னும் எழுத்தாளர் 1961 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹரிசன் பேர்ஜரன்' என்பதே அக்கதை. 2081 ஆம் ஆண்டில் நடப்பதாகக் கற்பனை செய்யப்பட்டது. அமெரிக்க அரசியலமைப்புக்குப் புதிய திருத்தங்கள் செய்யப்பட்டு, எல்லா மனிதரும் எல்லா வகையிலும் சமமாக்கப்பட்டுவிட்டனர். எவ்வாறு? அறிவாளியின் காதில் ஒரு கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. சிறிது நேரத்துக்கொருமுறை பேரொலி எழுப்பி அவன் சிந்தனையை அது சிதறடிக்கும். வலியவன் கழுத்தில் 47 இறாத்தல் எடையுள்ள ஈயக்குண்டுப் பை. அழகிய முகத்துக்கு முகமூடி. நடனமாதருக்கு உடலெங்கும் பாரம். இவற்றைக் கண்காணிக்க ஓர் உயரதிகாரி! பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தன் சுமைகளை அறுத்தெறிந்து தொலைக்காட்சி நிலையத்தில் நின்று ஆடுகிறான். அதிகாரி துப்பாக்கியுடன் வந்து அவனைச் சுட்டு வீழ்த்துகிறாள். வீட்டிலிருந்து அதைக் கண்ட தாய் மறுகணமே மறந்துபோகிறாள். மகனின் சாவைக்கூட நினைவில் வைத்திருக்க முடியாத சமத்துவம்!

இக்கதை நம்மவர் நெஞ்சைத் தொடுவதில் வியப்பில்லை. அத்தகைய சுமையொன்றை நம் பிள்ளைகளும் சுமந்தவர்களே. 1970-71 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவன் 227 புள்ளி பெற்றாற் போதும், தமிழ்மொழிமூல மாணவன் 250 பெறவேண்டும் என்று கோடு கிழிக்கப்பட்டது. மருத்துவத்துக்கு முறையே 229, 250. தமிழ்ப் பரீட்சகர் புள்ளிகளை அள்ளி வழங்கினர் என்று அன்று கிளப்பப்பட்ட குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவேயில்லை. ஆயினும் அடுத்து வந்த ஆண்டுகளில் இப்பாகுபாடு 'தரப்படுத்தல்' என்னும் பெயருடன் முறையாக்கப்பட்டது. ஒரே கூடத்தில் ஒரே நாளில் எழுதிய இருவரில் ஒருவன் கழுத்தில் மட்டும் அவன் தாய்மொழியின் பெயரால் 23 புள்ளி எடையுள்ள பையை மாட்டினர். அப்பையை மாட்டிய கைகளை வரலாறு மன்னிக்கப் போவதில்லை. மாட்டப்பட்ட தலைமுறையின் சினம் எங்குபோய் முடிந்தது என்பதை இத்தீவு பேரிழப்புகளால் அறிந்துகொண்டது.

(அதே ஆட்சிக்காலத்தில்தான் கமக்காரனும் தான் விளைவித்த நெல்லுக்குத் தானே எசமானனாக இருக்கவில்லை. உறவினர் வீட்டுக்குச் சில கொத்து அரிசி கொண்டுசெல்பவனையும் வழிமறித்துச் சோதித்த சாவடிகளை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். சமத்துவம் என்னும் பெயரில் அதிகாரி எதையெல்லாம் தொடத் துணிவான் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.)

ஆகவே கதை முற்றிலும் நம் பக்கம் என்று முடிவு கட்டலாமா? அவசரப்படலாகாது. 2005 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பாடசாலைகளுக்கு நிதி பங்கிடுவது பற்றிய ஒரு வழக்கு நடந்தது. ஏழைப் பகுதிப் பாடசாலைகளை மேம்படுத்தும் முயற்சிக்கு எதிராக, வசதி படைத்த பகுதியின் சட்டத்தரணிகள் இதே கதையை நீதிமன்றத்தில் எடுத்தாண்டனர். அப்போது உயிரோடிருந்த வொனகற் அதை ஏற்கவில்லை. தம் கதையை அவர்கள் பிழையாகப் புரிந்துகொண்டனர் என்றும், ஏழையின் பிள்ளைக்கு இழிந்த கல்வியைக் கொடுத்து அதன் திறமையை முடக்குவதே உண்மையில் சுமை மாட்டும் செயல் என்றும் பொருள்படப் பதிலளித்தார்.

மடுவில் வாழும் நமக்கு இவ்விளக்கம் புதிதன்று. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் மடுத் தேவாலயச் சூழலில் அகதிகள் ஆயிரக்கணக்கில் வந்து தங்கினர். ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையகம் அங்கு நிவாரண நிலையம் அமைத்தது. மரநிழலே வகுப்பறை. மின்கலத்துக்குத் தடை. மண்ணெண்ணெய் அளந்து விடப்பட்ட காலம். 1999 நவம்பரில் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர்மீதே எறிகணைகள் வீழ்ந்து ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். மாண்டவர்களுள் பிள்ளைகளும் இருந்தனர். அத்தகைய ஆண்டுகளிலும் பரீட்சைத் திணைக்களத்தின் வினாத்தாள் ஒன்றுதான். கொழும்பில் மின்விளக்கின்கீழ் படித்தவனுக்கும் மடுக் காட்டில் போத்தல் விளக்கில் படித்தவனுக்கும் அதே மூன்று மணி நேரம், அதே வினாக்கள். எவ்வளவு அழகிய சமத்துவம்! சுமை கழுத்தில் தொங்காதவிடத்து அது கண்ணுக்குத் தெரிவதில்லை. இரசாயன ஆசிரியர் இல்லாத வகுப்பும், பூட்டிய ஆய்வுகூடமும், பாடசாலைக்கு நடந்த ஐந்து கட்டை வழியும் எந்தத் தராசிலும் ஏறுவதில்லை.

கட்டுக்கரைக் குளத்தின்கீழ்ப் பயிர் செய்யும் கமக்காரருக்கு இதை நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. அருவியாற்று நீர் குறைந்த ஆண்டில் சிறுபோகத்துக்கு எவ்வளவு நிலம் விதைப்பது என்று கூட்டம் கூடித் தீர்மானிக்கின்றனர். இருக்கும் நீருக்கு ஏற்ற நிலத்தை மட்டும் விதைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றனர். மேல்மடைக்காரன் பயிரைப் பிடுங்கியெறிந்து, "இப்போது நீயும் அவனும் ஒன்று" என்று கடைமடைக்காரனுக்கு ஆறுதல் கூறும் மூடர் அக்கூட்டத்தில் இல்லை. அதேவேளை, வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டுவிட்டு, "உன் வயல் காய்ந்தது உன் சோம்பலால்" என்று கடைமடைக்காரனைப் பழிப்போரும் அங்கு எடுபடமாட்டார்கள்.

இவ்விரண்டையும் வேறுபிரித்துப் பார்க்கவேண்டும். மொழிவாரித் தரப்படுத்தல் பயிரைப் பிடுங்கிய செயல். 1974 இல் வந்த மாவட்டப் பங்கீடு அவ்வாறானது என்று ஒரே மூச்சில் கூறிவிட நம்மால் முடியாது. அது யாழ்ப்பாணத்து மாணவனையும் கொழும்பு மாணவனையும் தாக்கியது. அவர்கள் மனக்குறையை நாம் எள்ளி நகையாடோம். ஆனால் மன்னாருக்கும் வவுனியாவுக்கும் அதுவரை திறவாத கதவொன்று அதனால் திறந்தது. நாம் அதன் பயனைப் பெற்றுக்கொண்டு, மேடையில் மட்டும் அதனைத் தூற்றுவது நேர்மையாகாது. இன்று பெரும்பாலான துறைகளில் 40 சதவீத இடம் நாடளாவிய திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களின் குடிசனத் தொகைக்கு ஏற்பவும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகிறது. அப்பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் மன்னார் இருக்கிறது.

நம் குற்றச்சாட்டு அப்பட்டியலில் நம்மைச் சேர்த்தது பற்றியதன்று. அரை நூற்றாண்டாக நம்மை அதிலேயே இருத்தி வைத்தது பற்றியது. இடைக்கால உதவியாக வந்த பங்கீடு, பாடசாலைகளைச் சீர்செய்யாமல் இருப்பதற்கு ஆட்சியாளருக்குக் கிடைத்த சாட்டாகிவிட்டது. உயர்தர விஞ்ஞானம் கற்பிக்க ஆசிரியரை அனுப்புவதிலும், ஐந்து சதவீதத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பது எளிதல்லவா? பங்கீட்டில் ஒரு பிள்ளை உள்ளே போகிறது. அதே வகுப்பில் இருந்த முப்பது பிள்ளைகள் வாய்க்கால் வராத வயலாகக் கிடக்கின்றன. அவர்களைப் பற்றி வெட்டுப்புள்ளிப் பட்டியல் எதுவும் சொல்வதில்லை.

எனவே மாகாணக் கல்வி அதிகாரிகளிடம் நாம் கேட்பது இதுதான். மடுக் கல்வி வலயத்தில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளை நடத்தும் பாடசாலைகள் எவை, அவற்றில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எந்த ஆய்வுகூடம் பூட்டிக் கிடக்கிறது என்பதை ஆண்டுதோறும் தை மாதத்தில் பெயர் பெயராக வெளியிடுங்கள். அந்தப் பட்டியல் ஒன்றும் இல்லாமற் போகும் ஆண்டில், பின்தங்கிய மாவட்டப் பட்டியலிலிருந்து மன்னாரை நீக்குங்கள் என்று முதலில் எழுதுவது நாமாகவே இருப்போம். மாவட்டத்தைவிட்டு வெளியேறி வைத்தியராகவும் பொறியியலாளராகவும் விளங்கும் நம் பிள்ளைகளிடமும் ஒன்று கேட்கிறோம். ஆடியிலும் ஆவணியிலும் மடுத் திருவிழாவுக்கு வந்து, காட்டு மரத்தடியில் குடிசை போட்டுக் கமக்காரனோடு ஒரே பானையில் உண்டு போகிறீர்கள். அடுத்த முறை வரும்போது இரண்டு நாள் கூடுதலாகத் தங்கி, அருகிலுள்ள பாடசாலையில் பௌதிகம் கற்பித்துவிட்டுச் செல்லுங்கள்.