நகல் இருக்கிறது, திறக்கிறதா?

“சார், டேலியைக் கிளவுடுக்கு மாத்திடலாமா? ஆபீஸ்ல சர்வரே வேண்டாம்னு சொல்றாங்களே?” இந்த ஆண்டு தணிக்கைக்குப் போன இடத்திலெல்லாம் இந்தக் கேள்வி வந்தது. ஜவுளிக்கடைக்காரர் கேட்டார், மருந்து மொத்த வியாபாரி கேட்டார், போல்ட் நட்டு செய்யும் பட்டறை முதலாளியும் கேட்டார். கம்ப்யூட்டர் விற்பவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, முடிவெடுக்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று வருகிறார்கள். அந்த நம்பிக்கைக்காகவாவது நாம் இந்த விஷயத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாற்றலாம் என்பதே என் பதில். காரணம், 2015 டிசம்பர். அப்போது எங்கள் அலுவலகம் சென்னையில் ஒரு தரைத்தளத்தில் இருந்தது. வெள்ளம் மேசை உயரத்துக்கு ஏறி நின்று, மூன்றாம் நாள்தான் வடிந்தது. சர்வர் மேசைக்கு அடியில். நகல் எடுத்து வைத்த எக்ஸ்டர்னல் டிஸ்க் அதே மேசையின் இழுப்பறையில். மரம் ஊறி இறுகிப்போன இழுப்பறையை உளியால் நெம்பித் திறந்தோம். டிஸ்கைப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையில் பாதி சேறு. வாடிக்கையாளர்கள் மாடியில் பத்திரப்படுத்தியிருந்த பில் கட்டுகளை வாங்கிவந்து, பல மாதம் உட்கார்ந்து கணக்குகளை மறுபடி பதிந்தோம். அசலும் நகலும் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது என்று அன்றைக்கு உறைத்தது.

கிளவுட் என்பது வேறொருவர் கட்டடத்தில் ஓடும் கணினியை வாடகைக்கு எடுப்பது. அமேசான் 2006-இல் இதைப் பெரிய அளவில் விற்கத் தொடங்கியது. 2015-இல் மைக்ரோசாஃப்ட் புனே, சென்னை, மும்பையிலும், 2016-இல் அமேசான் மும்பையிலும் தரவு மையங்களைத் திறந்தன. நம் வாடிக்கையாளர்களிடம் இது இரண்டு உருவங்களில் வருகிறது. ஒன்று, வாடகை சர்வரில் டேலியை ஏற்றி ரிமோட்டில் திறப்பது. மற்றது, ஜோஹோ புக்ஸ் போல மென்பொருளையே சந்தாவுக்கு வாங்கி பிரவுசரில் வேலை செய்வது. முதல் வகையில் அப்டேட், நகல், யார் யாருக்கு அனுமதி என்பதெல்லாம் வாடகைக்கு எடுத்தவர் பொறுப்பு; இது பெரும்பாலான வியாபாரிகளுக்குத் தெரியாது. இரண்டாவது வகையில் மென்பொருளை விற்றவர் பார்த்துக்கொள்வார். ஆனால் வேலையை விட்டுப்போன கணக்கரின் லாகினை மூடுவது எந்த வகையிலும் நம் ஆள் செய்ய வேண்டிய வேலை. ஓரிடத்தில் நிர்வாகி கணக்கின் ஓடிபி, இரண்டு வருடம் முன்பு விலகிய ஊழியரின் செல்போனுக்குப் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

பெரிய நிறுவனத்திடம் கொடுத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சம்பவங்களைச் சொல்லி வருகிறேன். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் ஆளுக்கு 30 ஜிபி என்று கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் எரிந்துபோனது. 858 டெராபைட். அளவு மிகப் பெரிது என்று அதற்கு வெளியில் நகலே வைக்கவில்லை. மற்றொன்று 2024 மே மாதம், ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதி. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். கூகுள் கிளவுடில் அமைப்பு செய்தபோது நேர்ந்த ஒரு பிழையால் அவர்கள் சந்தாவே அழிந்தது. இரண்டு ஊர்களில் இருந்த பிரதிகளும் அதோடு போயின. வேறொரு நிறுவனத்திடம் தனியாக வைத்திருந்த நகல் மீட்புக்குக் கைகொடுத்தது. இரண்டு பிரதியும் ஒரே சந்தாவில், ஒரே பாஸ்வேர்டில் இருந்தால் அதுவும் ஒரு கூரைதான்.

நகல் எடுப்பதைச் சட்டமும் கேட்கிறது. கம்பெனிகள் (கணக்குகள்) விதிகளில் 2022 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி, மின்னணுக் கணக்குகளின் நகல் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும்; முன்பு ‘அவ்வப்போது’ என்றுதான் இருந்தது. கிளவுடில் வைத்தால் சேவை தருபவர் பெயர், இருப்பிடம் முதலியவற்றைப் பதிவாளருக்கு ஆண்டுதோறும் சொல்ல வேண்டும். கூட்டாண்மை நிறுவனங்களுக்கும் தனி வியாபாரிகளுக்கும் இந்த விதி பொருந்தாது என்றாலும், ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் அவர்களும் காக்க வேண்டும். கம்பெனிக்கு எட்டு ஆண்டு. சந்தாவோ மாதக் கணக்கில். ஐந்தாம் ஆண்டில் சந்தாவை நிறுத்தினால் பழைய ஆண்டுகளின் கணக்கையும், அதன் திருத்தத் தடத்தையும் எதில் திறந்து அதிகாரியிடம் காட்டுவது? வாங்கும் முன்பே இதை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வாடகை எவ்வளவு என்று பேரம் பேசுகிறவர்கள், வெளியேறும்போது டேட்டா எந்த வடிவத்தில், எத்தனை நாளில் கைக்கு வரும் என்று கேட்பதே இல்லை. எனக்கு இதில் உள்ள பெரிய வருத்தம் இதுதான்.

மார்ச் 31-க்குள் கிளவுடில் இருக்கும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு வேலை செய்யுங்கள். நகல் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அதை வேறொரு கணினியில் உங்கள் கண்முன் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

போன டிசம்பரில் ஒரு நூல் வியாபாரியிடம் அப்படிக் கேட்டோம். தினமும் இரவு பத்தரைக்கு ‘பேக்கப் முடிந்தது’ என்று மெயில் வருகிறது, ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று பெருமையாகக் காட்டினார். எங்கள் லேப்டாப்பில் திறந்தோம். கடைசி வவுச்சர் மார்ச் 31. ஏப்ரலில் புது ஆண்டுக்கு டேட்டாவைப் பிரித்தபோது புதிய ஃபோல்டர் உருவாகியிருக்கிறது. நகலெடுக்கும் நிரலில் பழைய ஃபோல்டரின் பெயரே நின்றுவிட்டது. எட்டு மாதக் கணக்கு ஒரே ஓரிடத்தில் மட்டும் இருந்தது. அவர் பேசவில்லை, தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஃபோல்டரை மாற்றி, முழு நகல் எடுத்து, மறுபடி லேப்டாப்பில் திறந்தோம். அன்று காலை போட்ட விற்பனை பில் வரை இருந்தது. அதன் எண்ணையும் நேரத்தையும் தணிக்கைத் தாளில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினோம். எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிடம் ஆனது.