சான்றிதழ் தடுக்காத கிருமி

கை, கால், வாய் நோய் வந்து தேறிய குழந்தையைப் பெற்றோர் மறுபடி நம்மிடம் அழைத்து வருவது பெரும்பாலும் ஒரு சான்றிதழுக்காகத்தான். 'இனி தொற்று இல்லை, பள்ளிக்கு வரலாம்' என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். கொப்புளம் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நாமும் கையெழுத்துப் போடுகிறோம். அந்த வரியின் முதல் பாதி உண்மை இல்லை என்று நமக்குத் தெரியும். காக்சாக்கி ஏ16, ஏ6, என்டிரோவைரஸ் ஏ71 என்று எதுவானாலும், கொப்புளம் ஆறிய பிறகும் மலத்தில் பல வாரங்கள் வெளியேறிக்கொண்டிருக்கும். அறிகுறி எதுவும் இல்லாமலே கிருமியைச் சுமக்கிற பிள்ளைகளும் பெரியவர்களும் அதே வகுப்பில், அதே வீட்டில் இருக்கிறார்கள். காய்ச்சல் விட்டது, எச்சில் வழிவது நின்றது, சாப்பிடுகிறது, வகுப்பில் உட்காரலாம் என்பதோடு சான்றிதழை நிறுத்திக்கொள்வோம். கழிப்பறை போய் வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறதா என்று அடுத்த சில வாரங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதையும் அதே தாளில் எழுதுவோம். பள்ளிக்கு உதவுகிற வரி அதுதான்.

கோவிட் காலத்தில் வகுப்பு வாசலில் வைத்த சானிடைசர் பாட்டில் பல பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. கோவிட் வைரஸைச் சுற்றிக் கொழுப்பு உறை உண்டு. ஆல்கஹால் அதைச் சிதைத்துவிடும். கை, கால், வாய் நோயைத் தரும் என்டிரோவைரஸ்களுக்கு அந்த உறை கிடையாது, அதனால் அவற்றிடம் ஆல்கஹால் அவ்வளவாகப் பலிப்பதில்லை. சோப்பு நுரையோடு நன்றாகத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவினால்தான் கிருமி கையை விட்டுப் போகும். எந்தச் சோப்பு என்று பெற்றோர் கேட்டால் கையில் கிடைக்கிற சோப்பு என்று தயங்காமல் சொல்லலாம். கராச்சியின் குடிசைப் பகுதிகளில் நடந்து, 2005இல் 'லான்செட்' வெளியிட்ட ஆய்வில், சோப்பும் கை கழுவும் பழக்கமும் போய்ச் சேர்ந்த வீடுகளில் 5 வயதுக்குட்பட்டவர்களின் நிமோனியா பாதியாகக் குறைந்தது. 15 வயதுக்குட்பட்டவர்களின் வயிற்றுப்போக்கு 53 சதவீதம் குறைந்தது. சாதாரணச் சோப்புக்கும் கிருமிநாசினி சோப்புக்கும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை. டிரைக்ளோசன் உள்ளிட்ட 19 பொருட்களை வீட்டு உபயோகக் கைகழுவிகளில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் தடுத்ததும் இந்த அடிப்படையில்தான். அப்படியிருக்க, கிருமிநாசினி சோப்பின் பெயரை நாம் ஏன் சீட்டில் எழுத வேண்டும்?

எல்.கே.ஜி. வகுப்புக்கோ அங்கன்வாடிக்கோ போனால் சாப்பாட்டு நேரத்தில் குழாயடியைப் பாருங்கள். குழாய் இருக்கும், தண்ணீரும் வரும். சோப்பு மட்டும் டீச்சரின் பீரோவுக்குள் இருக்கும். வெளியே வைத்தால் வழுக்கிச் சாக்கடையில் விழுகிறது, காக்கா தூக்கிப் போகிறது, பிள்ளைகள் தண்ணீரில் ஊறவிட்டுக் கரைத்துவிடுகிறார்கள். டீச்சரைக் குறை சொல்ல முடியாது. மாதத்துக்கு அவர் கையில் வருவது ஒன்றிரண்டு கட்டிதான். வெங்காயம் வருகிற வலைப்பையில் கட்டியைப் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டால் பையோடு சேர்த்துத் தேய்த்துக்கொள்ளலாம். பங்களாதேஷில் சோப்புத்தூளைத் தண்ணீரில் கரைத்து, மூடியில் துளை போட்ட பாட்டிலில் ஊற்றிவைக்கிறார்கள். ஒரு பொட்டலம் பல நாள் வரும், திருட்டும் போகாது. பள்ளி ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகப் போகிற குழந்தை மருத்துவர்கள் மேடையேறும் முன் இதைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போகலாம்.

வீட்டில் சிக்கல் வேறு மாதிரி. கொப்புளத்தைப் பார்த்ததும் 'அம்மை போட்டிருக்கு' என்று வேப்பிலை வைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை குளிப்பாட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். சோப்பு மிகவும் தேவைப்படும் நாட்களில் அது ஒதுங்கிவிடுகிறது. பாட்டியோடு வாதாட வேண்டியதில்லை. வேப்பிலை இருக்கட்டும், பிள்ளையைத் தனியாகப் படுக்க வைப்பதும் நல்லதுதான். கால் கழுவி விட்டவர், டயப்பர் மாற்றியவர் சோப்புப் போடாமல் சோறு பிசையக் கூடாது என்பதை மட்டும் அவரிடமே பொறுப்பாக ஒப்படைத்தால் அவர் விட மாட்டார்.

2022 மே மாதம் கேரளத்தின் கொல்லத்தில் 'தக்காளிக் காய்ச்சல்' என்று பேச்சுக் கிளம்பியபோது தமிழக எல்லையில் வாளையாற்றில் பயணிகளை நிறுத்திப் பரிசோதித்தார்கள். கேரளம் போய் பிரிட்டன் திரும்பிய இரு குழந்தைகளின் மாதிரியில் கடைசியில் இருந்தது காக்சாக்கி ஏ16. இந்த நோயில் அசைக்ளோவிருக்கும் ஆண்டிபயாட்டிக்குக்கும் வேலையில்லை. ஆனாலும் சீட்டுகளில் இரண்டும் வருகின்றன. ஆறவைத்த கூழ், மோர், இளநீர், பாராசிட்டமால் போதும். அந்த இடத்தில் அபாயக் குறிகளை எழுதுவது மேல்: மூன்று நாளைத் தாண்டும் காய்ச்சல், ஓயாத வாந்தி, தூக்கத்தில் தூக்கிவாரிப் போடுவது, நடையில் தள்ளாட்டம். 1998இல் தைவானில் 78 பேரின் உயிரைக் கொண்டுபோனது ஏ71. அதற்கெதிரான தடுப்பூசி சீனாவில் இருந்தாலும் ஏ16, ஏ6 இரண்டையும் அது தடுப்பதில்லை.

நம் ஓபி அறைக்கும் இதெல்லாம் பொருந்தும். வாய்ப்புண்ணைப் பார்த்த கையோடு அடுத்த குழந்தையின் கன்னத்தைத் தொடுகிறோம். இடையில் இருப்பது சானிடைசர் ஒரு சொட்டு. இந்தக் குழந்தைகளைப் பார்த்த பிறகாவது சிங்க்குக்குப் போவோம். காத்திருக்கும் இடத்தில் உள்ள பொம்மைக் கூடையிலிருந்து துணி பொம்மைகளை எடுத்துவிட்டு, கழுவக்கூடிய பிளாஸ்டிக் பொம்மைகளை மட்டும் வைப்போம். ஓபி முடிந்ததும் அவற்றைச் சோப்பில் கழுவி, பிளீச்சிங் கரைசலில் முக்கி எடுத்து, தண்ணீரில் அலசிக் காயவைக்கும் வேலையைச் செவிலியரின் அன்றாடப் பட்டியலில் சேர்ப்போம்.