கியர் லீவரில் ஏன் இந்தச் சிக்கனம்?

412 குதிரைத்திறன் தரும் எட்டு சிலிண்டர் என்ஜின், ஆறு கியர் மேனுவல் பெட்டி என்று 2011 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. ஆசையாக அதை வாங்கியவர்களில் பலர் சீக்கிரமே நடு கன்சோலைப் பிரித்து, கம்பெனி கொடுத்த கியர் லீவரைக் கழற்றி வைத்துவிட்டு, வெளியில் வாங்கிய லீவரை மாட்டினார்கள். புதுக் காருக்கு இது தேவையா என்று கேட்கத் தோன்றும். அந்தக் காருக்குத் தேவைதான்.

என்ஜினை நன்றாக முறுக்கிவிட்டு அடுத்த கியருக்குத் தள்ளினால் கியர் விழ மறுக்கிறது என்பது பரவலான புகார். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமே 2011-இல் முதற்கட்ட விசாரணையைத் தொடங்கியது. வண்டிகளைத் திரும்ப அழைக்கும் உத்தரவு எதுவும் இல்லாமல் அது முடிந்தது. பழி முழுவதும் எம்டி-82 என்ற அந்தக் கியர் பெட்டியின் மேல் விழுந்தாலும், குற்றத்தில் ஒரு பங்கு லீவருடையது.

அந்த மஸ்டாங்கில் லீவர் கியர் பெட்டியின் தலையில் நேராக உட்கார்ந்திருக்காது. சற்றுப் பின்னால் தள்ளி இருக்கும். அதன் முன்பக்கம் கியர் பெட்டியோடும், பின்பக்கம் ஒரு ரப்பர் புஷ் வழியாகக் காரின் தரையோடும் இணைந்திருக்கும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் என்ஜினும் கியர் பெட்டியும் தங்கள் மவுன்டுகளின் மேல் முறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாயும். தரை சாயாது. நடுவில் மாட்டிக்கொண்ட லீவருக்கு மூன்றாவது கியரின் பாதை இருந்த இடம் சற்று நகர்ந்துவிடுகிறது. நிதானமாக ஓட்டும்போது தெரியாத இந்த நகர்வு, அவசரமாகத் தள்ளும் கையை ஏமாற்றிவிடும்.

ரப்பரை வைத்தவர்கள் காரணமில்லாமல் வைக்கவில்லை. கியர் பெட்டியின் இரைச்சலும் அதிர்வும் லீவர் வழியாகக் காருக்குள் ஏறும். ரப்பர் அதைத் தடுக்கும். வீட்டாரோடு போகிற காரில் அது சரியான முடிவு. ஆனால் வேகத்துக்காகவே விற்கப்படும் காரில், கியர் சரியாக விழுவதை விட்டுக்கொடுத்து அமைதியை வாங்குவது தவறான பேரம். அமெரிக்காவில் 1980 வாக்கில் விற்ற புதுக் கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மேனுவல். இன்று நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டது. இந்தியாவுக்கு 2016-இல் வந்த மஸ்டாங் கூட ஆட்டோமேட்டிக் மட்டும்தான். இந்தக் காலத்திலும் ஒருவர் கேட்டு வாங்கி மேனுவல் ஓட்டுகிறார் என்றால் கையில் கியர் விழும் அந்த உணர்வுக்காகத்தான். அதிலேயே கைவைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

செய்ய முடியாத காரியமும் இல்லை. 1989-இல் வந்த மாஸ்டா மியாட்டா, எளிய விலையில் விற்ற சிறிய கார். அதில் லீவர் கியர் பெட்டியின் மேலேயே நிற்கும். சின்ன அசைவில் சுத்தமாக விழும் அந்த கியரைப் பாராட்டாத கார் விமர்சகர் அரிது.

அமெரிக்கக் கம்பெனிகளுக்கும் இந்த அறிவு புதிதல்ல. ஸ்டீயரிங் தண்டில் கியர் மாற்றிய 1950-களின் கார்களுக்கு, தரையில் நிற்கும் உறுதியான லீவர்களைச் செய்து விற்றவர் பென்சில்வேனியாவின் ஜார்ஜ் ஹர்ஸ்ட். அவர் லீவரின் தரத்தைப் பார்த்த பான்டியாக், 1964 ஜிடிஓ காரில் தொழிற்சாலையிலேயே அதைப் பொருத்தி அனுப்பியது. வாடிக்கையாளர் வெளியே போய் வாங்கும் பொருள் நல்ல பொருள் என்றால் அதை நாமே கொடுத்துவிடலாம் என்ற அந்த முடிவு இன்றைக்கும் பொருந்தும்.

கம்பெனி கொடுக்காதபோது உரிமையாளர் தானே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். 2011-க்குப் பிந்தைய மஸ்டாங்குகளுக்கு எம்ஜிடபிள்யூ போன்ற சிறிய நிறுவனங்கள், தரையோடு ஒட்டுறவே இல்லாமல் கியர் பெட்டியோடு மட்டும் கட்டும் லீவர்களைச் செய்தன. ஆனால் இந்த வேலையைப் புரிந்துகொள்ளப் பழைய மஸ்டாங்தான் வசதி. 1980-களின் 5.0 மஸ்டாங்கில் இருந்தது டி-5 என்ற ஐந்து கியர் பெட்டி. குமிழைத் திருகி எடுத்து, தோல் உறையையும் அடியிலுள்ள ரப்பர் உறையையும் விலக்கினால் நான்கு போல்ட்டுகள் தெரியும். அவற்றைக் கழற்றினால் லீவர் மேலே வந்துவிடும். பழைய பசையைச் சுரண்டித் துடைக்கும்போது ஒரு துணுக்கும் உள்ளே விழக்கூடாது. புது சிலிகோன் பசை தடவி, புது லீவரின் அடிக்குமிழை அதன் பிளாஸ்டிக் கிண்ணத்தில் உட்கார வைத்து இறுக்கினால் முடிந்தது.

முடிந்தது என்று பலர் நினைப்பதுதான் ஆபத்து. நல்ல லீவரில் முன்னும் பின்னும் ஒவ்வொரு ஸ்டாப் போல்ட் இருக்கும். உள்ளே கியரைத் தள்ளுவது ஒரு மெல்லிய கவை. டி-5 பெட்டியில் அந்தக் கவையின் நுனிகளில் பிளாஸ்டிக் வில்லைகள்தான் இருக்கின்றன. பழைய லீவரில் ரப்பர் வாங்கிக்கொண்ட கைவேகம், புது லீவரில் அப்படியே கவைக்குப் போகும். கியர் முழுதாக விழுந்த இடத்தில் லீவரைத் தடுத்து நிறுத்த வேண்டியது ஸ்டாப் போல்ட்டின் வேலை. அது தளர்வாக இருந்தால் கவை வளையும். அளவுக்கு மீறி நெருக்கமாக இருந்தால் கியர் முழுதாக விழாமல், வேகமெடுக்கும்போது தெறித்து வெளியே வந்துவிடும். கியரைப் போட்டு வைத்து, போல்ட்டை லீவரில் படும் வரை கொண்டுவந்து, தயாரிப்பாளர் சொன்ன இடைவெளி விட்டு, லாக் நட்டை இறுக்க வேண்டும்.

கடைகள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. லீவர் எவ்வளவு குறைந்த தூரம் நகர்கிறது என்பதையே விளம்பரப்படுத்துகின்றன. தூரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், அதே வேலைக்குக் கையின் அழுத்தம் ஒன்றரை மடங்கு ஆகும். அதைவிட முக்கியம், பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ வளையத்துக்குச் சிறிது நேரம் வேண்டும். தூரம் குறைந்ததே என்று கை அவசரப்பட்டால் தேய்வது அந்த வளையம். ஆகவே வாங்குபவர் தேட வேண்டியது குட்டையான அசைவை அல்ல, ஆட்டமில்லாத பிடிப்பையும் ஸ்டாப் போல்ட்டையும்.

2024 மஸ்டாங்கில், விலை கூடிய டார்க் ஹார்ஸ் மாடலுக்கு டிரெமெக் நிறுவனத்தின் கியர் பெட்டியைக் கொடுத்த ஃபோர்டு, ஜிடிக்கு அதே எம்டி-82 வரிசையைத் தொடர்ந்தது. ஜிடி வாங்குபவரும் மேனுவலைக் கேட்டுத்தான் வாங்குகிறார். பெட்டியை மாற்றச் செலவு அதிகம் என்றால், அதன் மேல் நிற்கும் லீவரையாவது வெளிச்சந்தைக்கு வேலை வைக்காத தரத்தில் ஃபோர்டு கொடுக்கட்டும்.