சூடாக, சின்னக் கிண்ணத்தில்

சீனாவுக்கு வேலை விஷயமாகப் போய்வந்தவன் என்று தெரிந்தால் நம் ஊர் நண்பர்கள் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். பாம்பு சாப்பிட்டீர்களா? என்ன குடித்தீர்கள்? முதல் கேள்விக்கு 'இல்லை' என்ற ஒரு சொல் போதும். இரண்டாவதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். குடிக்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை.

துணி வியாபாரத்தில் இருந்தவர்களுக்குக் கேச்சியாவ் சந்தை தெரிந்திருக்கும். நம் நாட்டிலிருந்து பாலியஸ்டர் துணி வாங்கப் போகிறவர்கள் பலரும் அங்கேதான் இறங்குவார்கள். அது ஜெஜியாங் மாகாணத்தில் ஷாவ்ஷிங் நகரத்தைச் சேர்ந்த இடம். நமக்குத் துணிச் சந்தையாகத் தெரிகிற ஷாவ்ஷிங், சீனர்களுக்கு அரிசி மதுவின் ஊர். அதற்கு 'ஹுவாங் ஜியு' என்று பெயர். மஞ்சள் மது என்று பொருள். நிறம் என்னவோ நம் கருப்பட்டித் தண்ணீர் போலத்தான் இருக்கும்.

ஆனால் வியாபார விருந்துகளில் எங்கள் முன்னால் வந்தது அது அல்ல. 'பைஜியு' என்கிற வெள்ளைச் சரக்கு. பெரும்பாலும் சோளத்தில் வடிப்பது. நூற்றுக்கு ஐம்பது பங்கு சாராயம். 'கான்பெய்' என்று ஒருவர் எழுந்தால் கிண்ணத்தைக் காலி செய்து கவிழ்த்துக் காட்ட வேண்டும். மேஜையில் பத்துப் பேர் என்றால் பத்துப் பேரும் ஒவ்வொருவராக வருவார்கள். குடிக்காவிட்டால் அவர்களுக்கு மரியாதைக் குறைவாம்.

ஒரு விருந்தில் முதலாளிக்குப் பதிலாக அவருடைய இளம் குமாஸ்தா குடித்துக்கொண்டே இருந்தான். முகம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். கிழக்காசியர்களில் பலருக்கு, சாராயம் உடம்பில் உடைந்து உண்டாகும் நச்சுப்பொருளை அப்புறப்படுத்தும் என்சைம் சரியாக வேலை செய்வதில்லை. அந்தச் சிவப்பு அதன் அடையாளம். அப்படிப்பட்டவர்கள் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் அபாயம் அதிகம் என்பது மருத்துவர்கள் உறுதியாகச் சொல்கிற விஷயம். சிரிக்க வேண்டிய காட்சியா அது? மரியாதை என்ற பெயரில் ஒருவன் தொண்டையில் ஊற்றுவதை உபசாரம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சீனாவிலும் சரி, நம் ஊர்க் கல்யாண மண்டபத்தின் பின்பக்கத்திலும் சரி.

இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், அதே ஊரின் சொந்த மது வேறு மாதிரி குடிப்பதற்காகவே செய்யப்பட்டது.

அதற்கு ஒட்டும் அரிசிதான் வேண்டும். நம் செட்டிநாட்டுக் கவுனி அரிசியின் குணம், நிறம் மட்டும் வெள்ளை. குளிர்காலம் தொடங்கும்போது வேலையை ஆரம்பிப்பார்கள். அரிசியை நாள்கணக்கில் ஊறவைத்து, புளிப்பேறியதும் ஆவியில் வேகவைத்து ஆற்றுவார்கள். கோதுமையை உடைத்து ஈரப்படுத்திக் கட்டியாக்கி, பூஞ்சணம் பிடிக்கவிட்டு முன்பே தயாராக வைத்திருப்பார்கள். சோற்றோடு அதைக் கலக்கிறார்கள். பூஞ்சணம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும்போதே ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. இரண்டு வேலையும் ஒரே பானையில், ஒரே சமயத்தில். தண்ணீர் அந்த ஊர் ஜியான் ஏரியிலிருந்து. வசந்தம் வரும்போது பிழிந்து, சூடுபடுத்தி, மண் ஜாடியில் ஊற்றி, வாயைத் தாமரை இலையால் மூடிக் களிமண் பூசிவிடுவார்கள். வடிப்பது கிடையாது. அதனால் சாராயம் நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவில்தான் நிற்கும்.

குடிக்கும் முறைதான் எனக்குப் பிடித்தது. ஈயக் குவளையில் ஊற்றி அதை வெந்நீரில் இறக்கி வைப்பார்கள். கொதிக்க விடக் கூடாது, மணம் போய்விடும். கை பொறுக்கிற சூடு போதும். சின்னக் கிண்ணம். பக்கத்தில் சோம்பு மணத்தோடு வேகவைத்த, மொச்சை போன்ற ஒரு பயறு. இலையுதிர் காலமென்றால் நண்டு. நண்டு உடம்புக்குக் குளிர்ச்சி, சூடான மதுவும் இஞ்சியும் அதைச் சரிக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. என் பாட்டி கேட்டிருந்தால் உடனே தலையாட்டியிருப்பார். சூடான பானத்தை மடக்கென்று குடிக்க முடியாது. அடுத்த குவளை சூடாகும்வரை காத்திருக்க வேண்டும், அதுவரை பேச வேண்டும். வாயில் லேசான புளிப்பு, பிறகு வறுத்த கடலை வாசம். அரைக் கிண்ணத்தோடு நிறுத்தியவரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அதற்காக அந்த மது புனிதம் என்று சொல்ல வரவில்லை. எழுத்தாளர் லூ சுன் 1881இல் பிறந்தது ஷாவ்ஷிங்கில்தான். அவருடைய 'கோங் யீஜி' கதை ஒரு மதுக்கடையில் நடப்பது. கடையில் தண்ணீர் கலந்துவிடுவார்கள் என்று பயந்து, குவளை வெந்நீரில் இறங்கும்வரை கண்ணெடுக்காமல் பார்க்கும் கூலியாட்கள் அதில் வருகிறார்கள். தேர்வில் தோற்றுப்போன படிப்பாளி கோங் யீஜி நின்றபடி குடிக்கிறார், திருடி அடிபட்டுக் கால் முறிகிறார், கடன் பாக்கியோடு காணாமல் போகிறார். கடை முழுக்க அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. இன்று அதே பெயர் கொண்ட கடை வாசலில் அவருக்குச் சிலை. சுற்றுலா வருகிறவர்கள் பக்கத்தில் நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொள்கிறார்கள். கதையைப் படித்தவனுக்கு அது கொஞ்சம் உறுத்தும்.

'உடம்புக்கு நல்லது' என்று அங்கே பெரியவர்கள் சொல்வதையும் நான் ஏற்பதில்லை. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. நம் வயதில் சர்க்கரை, பிரஷர், இரவு மாத்திரை எல்லாம் இருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் யாரும் தொட வேண்டாம். ருசிக்காகத் தொடுகிறவர் ருசிக்காக என்றே சொல்லட்டும், மருந்து என்று சொல்ல வேண்டாம்.

பெண் பிறந்ததும் ஜாடிகளை மண்ணில் புதைத்து, அவள் கல்யாணத்துக்குத் தோண்டி எடுக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. நம்மவர்கள் குண்டுமணி குண்டுமணியாக நகை சேர்ப்பது போல. இப்போது அந்தப் பெயர் பாட்டில் மேல் அச்சாகிக் கடையில் விற்கிறது.

கடைசியாக ஒன்று. மகனையோ மகளையோ பார்க்க வெளிநாடு போகும் நண்பர்கள் அங்குள்ள கடைகளில் ஷாவ்ஷிங் என்று எழுதிய மலிவான பாட்டிலைப் பார்ப்பார்கள். ஒருவர் வாங்கிக் குடித்துவிட்டு, "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று என்னைக் கேட்டார். அப்படி விற்பதில் பலவும் சமையலுக்கானவை, உப்புச் சேர்த்தவை. லேபிளைத் திருப்பிப் பாருங்கள். உப்பு என்று இருந்தால் கோழிக்கறியில் ஊற்றுங்கள், நன்றாக இருக்கும்.