ஸர்க்கார் பொலிகுதிரையும் குடியானவரும்

குதிரை, கோவேறு கழுதை, கழுதை, ஒட்டகம் ஆகிய பிராணிகளின் அபிவிருத்தியையும் தேசியக் கால்நடைத் திட்டத்தில் சேர்ப்பதென்று 2024-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 21-ந் தேதி மத்திய மந்திரிசபை தீர்மானித்தது. மோட்டார் யுகத்தில் குதிரையைப் பற்றி என்ன பேச்சு என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். 2019-ல் எடுக்கப்பட்ட 20-வது கால்நடைக் கணக்கின்படி தேசம் முழுவதிலும் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து 3.4 லட்சமே மிஞ்சியிருந்தன. 2012-ம் வருஷத்துக் கணக்கோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு 45-க்கு மேல் குறைவு. கழுதைகளோ நூற்றுக்கு 60-க்கு மேல் குறைந்துவிட்டன. ஏழு வருஷத்தில் ஒரு பிராணி வர்க்கம் இவ்வளவு தேய்ந்துபோனால், அதை வைத்துப் பிழைக்கும் ஏழைகளின் கதியும் அதனுடனேயே தேய்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே தீர்மானத்தை நாம் ஆக்ஷேபிக்கவில்லை.

திட்டத்தின் சாரம் இது. குதிரை, கழுதை முதலியவற்றை வளர்க்கும் தொழிலைத் தொடங்குவோருக்கு முதலீட்டில் நூற்றுக்கு 50 பங்கு, ரூபாய் 50 லட்சத்துக்கு மேற்படாமல், ஸர்க்கார் கொடுக்கும். உயர்ந்த ஜாதி ஆண்பிராணிகளின் விந்தைச் சேகரித்து வழங்கும் நிலையங்களையும், மூல இனப் பண்ணைகளையும் ஸ்தாபிக்க மத்திய ஸர்க்கார் 10 கோடி ரூபாய் உதவும். அதாவது, நல்ல பொலிகுதிரையை ஸர்க்கார் தருகிறது. உங்கள் பெட்டைக்குதிரையைக் கொண்டுவாருங்கள் என்பதே இதன் பொருள். பொலிகுதிரைக்குப் பதில் இப்பொழுது குளிர்ப்பெட்டியில் வைத்த குழாய் வரும் என்பதே வித்தியாசம்.

இந்த அழைப்பு இத்தேசத்துக் குடியானவருக்குப் புதிதன்று. நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாக வெவ்வேறு துரைத்தனங்கள் இதே அழைப்பை அவர் வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கின்றன. அப்பொழுதெல்லாம் நடந்தது என்ன என்பதைச் சற்று விசாரித்துப் பார்ப்பது நலம்.

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1790-களில் பீகாரிலுள்ள பூசா என்னும் இடத்தில் குதிரைப் பண்ணை ஒன்றை அமைத்தார்கள். இன்று தில்லியில் விவசாய ஆராய்ச்சி நிலையத்தைப் 'பூசா' என்று அழைக்கிறோமே, அந்தப் பெயருக்கு மூலம் இந்தக் குதிரை லாயந்தான். பண்ணை மூடப்பட்ட பின் அந்த நிலத்திலேயே 1905-ல் விவசாய ஆராய்ச்சி தொடங்கிற்று. 1934-ம் வருஷத்துப் பூகம்பத்தில் கட்டடம் இடிந்தபின் நிலையம் தில்லிக்குப் பெயர்ந்தது. பெயரும் கூடவே பிரயாணம் செய்தது. கம்பெனியார் பண்ணையை ஏற்படுத்தியதன் காரணம் ரகசியமன்று. அவர்களுடைய குதிரைப்படைக்கும் பீரங்கி வண்டிகளுக்கும் வாட்டசாட்டமான குதிரைகள் வேண்டியிருந்தன. பண்ணைக்குள் பிறந்தவை போதாமையால், சுற்றுப்புறத்து ஜமீன்தார்களிடமும் குடிகளிடமும் பெட்டைக்குதிரைகளை ஒப்படைத்து, பண்ணையின் பொலிகுதிரைகளோடு சேர்த்து, பிறக்கும் குட்டிகளைத் தாங்கள் நிர்ணயித்த விலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

1808-ல் இந்தப் பண்ணைக்கு மேற்பார்வையாளராக வந்தவர் வில்லியம் மூர்கிராப்ட் என்ற மிருக வைத்தியர். பிரான்சுக்குப் போய் அந்த வித்தையை முறையாகக் கற்றவர். பண்ணையில் உள்ள பொலிகுதிரைகளின் தரம் போதாது, மத்திய ஆசியாவின் குதிரைகளைக் கொணர்ந்தாலொழிய இனம் சீர்படாது என்பது அவருடைய உறுதியான எண்ணம். அதற்காக 1819-ல் புறப்பட்டு, லடாக், காஷ்மீரம், காபூல் வழியாக 1825-ல் புகாராவை அடைந்தார். எதிர்பார்த்த குதிரைகள் அங்கே அகப்படவில்லை. திரும்பும் வழியில் அதே வருஷம் ஜுரத்தால் மாண்டார். ஒரு நல்ல பொலிகுதிரைக்காக ஆறு வருஷம் அலைந்து உயிரையும் கொடுத்த அந்த மனிதரின் சிரத்தையை நாம் மெச்சாமலிருக்க முடியாது. எனினும் பீகாரிலே குட்டியை வளர்த்த குடியானவருக்கு அதில் என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு அந்த யாத்திரையில் பதில் இல்லை. பண்ணை செலவைத் தின்றுகொண்டே போயிற்று. 1870-களில் வங்காளப் பண்ணைகளை ஸர்க்கார் கலைத்துவிட்டது.

அதற்குப்பின் 1876 முதல் வந்த ஏற்பாடுதான் நம் விஷயத்துக்கு மிகவும் பொருத்தமானது. ஸர்க்கார் தானே குட்டிகளை வளர்ப்பதை விட்டது. சீமையிலிருந்து தரோபிரெட், நார்போக் டிராட்டர் ஜாதிகளையும், அரபுக் குதிரைகளையும் பொலிகுதிரைகளாக வரவழைத்து, வடஇந்திய ஜில்லாக்களில் ஆங்காங்கே நிறுத்திற்று. உத்தியோகஸ்தர்கள் குடிகளின் பெட்டைக்குதிரைகளைப் பரிசோதித்துத் தகுதியானவற்றுக்குச் சூட்டுக்குறி இடுவார்கள். குறியிட்ட பெட்டைக்கு ஸர்க்கார் பொலிகுதிரை கட்டணமின்றிக் கிடைக்கும். சந்தைகளில் பரிசும் உண்டு. கோவேறு கழுதை உற்பத்திக்காக வெளிநாட்டு ஆண்கழுதைகளும் வந்து இறங்கின. பட்டாளத்தார் குட்டிகளைக் கட்டாயமாகப் பிடுங்கவில்லை. சந்தையில் விலைக்கு வாங்கினார்கள். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாதென்று தோன்றும்.

ஆனால் குடியானவரின் கணக்கு வேறு. அவருக்கு வேண்டியது, கொஞ்சம் தீனியில் நிறைய உழைக்கும், மேட்டிலும் பள்ளத்திலும் கால் இடறாத நாட்டு மட்டம். பட்டாளத்துக்கு வேண்டியதோ உயரமும் எலும்பும் உள்ள சவாரிக் குதிரை. சிறிய நாட்டுப் பெட்டையோடு பெரிய சீமைக் குதிரையைச் சேர்த்துப் பிறந்த குட்டி, மூன்று நான்கு வயது வரையில் கடலையும் புல்லும் தின்று வளர வேண்டும். அதற்கப்புறம் பட்டாளத்து உத்தியோகஸ்தர் வந்து அளந்து பார்த்து, ஒரு விரற்கடை குறைகிறது என்று தள்ளிவிட்டால், அந்தக் குதிரையைக் குடியானவர் யாரிடம் விற்பது? வண்டிக்காரன் கொடுக்கும் விலை தீனிச் செலவுக்குக் காணாது. ஆக, பொலிகுதிரைக்குக் கட்டணமில்லை என்பது உண்மை. குட்டிக்கு ஒரே வியாபாரி, அவரே தராசையும் பிடிப்பவர் என்பதும் உண்மை. குடிகள் ஆவலோடு ஓடிவரவில்லையென்று அதிகாரிகள் குறைபட்டார்கள். ஓடிவராததற்குக் காரணம் அறியாமையன்று, கணக்கு.

1900-01-ல் குதிரை, கோவேறு கழுதை உற்பத்தியைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். குதிரைகள் ஆயிரக்கணக்கில் மடிந்துகொண்டிருந்தன. 1903 முதல் குறிப்பிட்ட ஜில்லாக்களில் குதிரை அபிவிருத்தி முழுவதும் பட்டாளத்து ரிமவுண்ட் இலாகாவின் வசமாயிற்று. அத்துடன் புதிய யோசனை ஒன்றும் பிறந்தது. குடியானவர் தாமாக வராவிட்டால், அவருக்கு வேண்டிய ஒன்றோடு குதிரையைக் கட்டிவிடுவது. அவருக்கு வேண்டியது நிலமும் நீருமன்றோ?

பஞ்சாபில் 1901-ல் கீழ் ஜீலம் கால்வாய் திறக்கப்பட்டு, ஷாப்பூர் ஜில்லாவில் தரிசாய்க் கிடந்த பல லட்சம் ஏக்கர் பாசனத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஸர்கோதா நகரம் 1903-ல் நிர்மாணமாயிற்று. அங்கே குடியேற வந்த விவசாயிக்குச் சுமார் 50 ஏக்கர் நிலம் கொடுத்து, ரிமவுண்ட் அதிகாரிகள் ஒப்புக்கொள்ளும் ஒரு பெட்டைக்குதிரையை அவர் எப்பொழுதும் வைத்திருக்க வேண்டும் என்று ஷரத்து விதித்தார்கள். பொலிகுதிரை ஸர்க்காருடையது. குட்டியை வாங்கும் முதல் உரிமை பட்டாளத்துக்கு. பெட்டை செத்தால் வேறொன்று வாங்கிக் கட்ட வேண்டும். தவறினால் நிலம் போகும். 'கோடி பால்' என்று பெயர் பெற்ற மான்யம் இது. குதிரை வளர்ப்பு மான்யம் என்று அர்த்தம். பெருநிலக்காரர்களுக்கும் பண்ணை வைப்பதற்காகப் பெரிய பரப்புகள் கொடுக்கப்பட்டன. இந்த ஷரத்து பஞ்சாப் மாகாண ஸர்க்காருக்கே மனமொப்பாதது. மேலிடத்து ராணுவ நிர்ப்பந்தத்தால் வந்தது.

சட்டப் பயிற்சியுள்ளவர் இந்த ஷரத்துகளில் கண்டு திடுக்கிடுவது இன்னொன்று. நிலம் பாகப்பட்டுத் துண்டானால் குதிரையைப் போஷிக்க முடியாது என்ற காரணத்தைச் சொல்லி, மூத்த குமாரனுக்கே முழு நிலமும் சேர வேண்டும் என்ற வாரிசு முறையைப் புகுத்தினார்கள். பஞ்சாபில் ஹிந்துவாயினும் முஸல்மானாயினும் சீக்கியராயினும், விவசாயக் குடும்பத்து வழக்கம் குமாரர்களுக்குச் சம பாகம் என்பதே. எந்தப் பஞ்சாயத்தும் அதை மாற்றும்படி கேட்கவில்லை. இங்கிலாந்தில் பிரபுக்களின் மாளிகையைக் காப்பதற்கு ஏற்பட்ட விதி, ஸர்கோதாவில் ஒரு பெட்டைக்குதிரையின் தீனியைக் காப்பதற்காக இறக்குமதியாயிற்று. இளைய குமாரர்கள் தமையன் நிலத்தில் கூலிகளானார்கள். தகப்பன் வியர்வை சிந்திக் காட்டை வயலாக்கியபோது உடனிருந்து உழைத்த பிள்ளைக்குப் பாத்தியதை இல்லை. லாயத்தில் நின்ற பிராணிக்கு உண்டு. இதைவிட விபரீதமான நில ஷரத்தை நாம் கண்டதில்லை.

பக்கத்துச் செனாப் குடியேற்றப் பகுதியிலும் வாரிசு உரிமையைக் கட்டுப்படுத்தும் மசோதாவைக் கொண்டுவந்தபோதுதான் 1907-ல் பஞ்சாப் விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். மே மாதத்தில் லாலா லஜபதி ராயும், பகத் சிங்கின் சிற்றப்பனாரான அஜித் சிங்கும் விசாரணையின்றி மாந்தலேக்கு நாடு கடத்தப்பட்டது நேயர்கள் அறிந்ததே. அதே மாதத்தில் வைசிராய் மிண்டோ பிரபு மசோதாவை ரத்துச் செய்தார். செனாப் விவசாயிகளுக்கு 1912-ம் வருஷத்துச் சட்டத்தால் நிலத்தை விலைக்கு வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்ளும் வழி பிறந்தது. குதிரைக்காகக் கொடுத்த நிலத்துக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. குதிரை நின்றவரையில் குடியானவர் ஊழிய மான்யக்காரரே. இந்த வரலாற்றை ஆராய்ந்து 1988-ல் நூல் வெளியிட்ட இம்ரான் அலி, பட்டாளத்தின் தேவைக்கு இவ்வளவு வளமான பூமியை ஒதுக்கியதால் பஞ்சாபின் விவசாய வளர்ச்சியே முடக்கப்பட்டது என்று வாதிக்கிறார். அவருடைய வாதத்தை நாம் ஏற்கிறோம்.

இவ்வளவு செய்தும் பட்டாளத்தின் தேவை தீர்ந்ததா? இல்லை. இந்த ஏற்பாடுகள் நடந்த காலம் முழுவதும் ஆஸ்திரேலியாவிலிருந்து, நியூ சவுத் வேல்ஸ் நாட்டின் பெயரால் 'வேலர்' என்று அழைக்கப்பட்ட குதிரைகள் கப்பல் கப்பலாக வந்தன. கல்கத்தாவிலும் பம்பாயிலும் நமது சென்னையிலும் அவை இறங்கின.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு சிறு பங்குண்டு. ஓசூரை அடுத்த மத்திகிரியில் இன்றுள்ள கால்நடைப் பண்ணை, 1824-ல் பட்டாளத்துக் குதிரைகளை வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்டதுதான். அதற்கும் ஐந்நூறு வருஷம் முன்பே, பாண்டிய மன்னர்கள் அரபு நாட்டுக் குதிரைகளுக்காகப் பொக்கிஷத்தைக் கொட்டியதைக் கண்ட மார்க்கோ போலோ, இந்தச் சீமையில் நல்ல ஆண்குதிரையையும் நல்ல பெட்டையையும் சேர்த்தாலும் கோணற்கால் குட்டியே பிறக்கிறது என்று எழுதிவைத்தார். குதிரை விஷயத்தில் நமக்குப் பெருமை பேச இடமில்லை. ஆனால் பொலி விஷயத்தில் உண்டு. நமது கிராமங்களில் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளை ஊர்ப் பசுக்களுக்கெல்லாம் பொதுவாய்த் திரிந்தது. எந்தத் தோட்டத்தில் மேய்ந்தாலும் அடிப்பவர் இல்லை. கன்று யாருடையது என்று தர்மகர்த்தா வியாஜ்யம் தொடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. பசு யாருடையதோ, கன்று அவருடையது. கட்டணமில்லாப் பொலி என்பதற்கு நாம் அறிந்த உண்மையான உதாரணம் இதுவே.

இனி 2024-ம் வருஷத்துத் திட்டத்துக்கு வருவோம். இப்பொழுதுள்ள ஸர்க்கார் அந்நிய ஸர்க்கார் அல்ல. குட்டியின் மேல் பட்டாளத்துக்கு உரிமை கோரும் எண்ணமும் அதில் தொனிக்கவில்லை. ஆகவே ஸர்கோதாவின் கொடுமை மீண்டும் வருமென்று நாம் பயமுறுத்தப் போவதில்லை. நமது கவலை வேறு. பாதி முதலை ஸர்க்கார் கொடுக்கும் என்றால், மறுபாதியை வைத்திருப்பவருக்கே கொடுக்கும் என்று அர்த்தம். 50 லட்சம் உதவி பெற 50 லட்சம் கையில் வேண்டும். செங்கற் சூளையில் கோவேறு கழுதை ஓட்டுகிறவருக்கும், இமயமலைப் பாதையில் யாத்திரிகரை மட்டக்குதிரையில் ஏற்றிச் செல்கிறவருக்கும் அது எங்கே இருக்கிறது? கூட்டுறவுக் குழுக்களும் சுய உதவிக் குழுக்களும் விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை. எத்தனை குழுக்களுக்குக் கிடைக்கிறது என்பதை வருஷந்தோறும் ஜில்லாவாரியாக வெளியிட வேண்டும். பெரிய பண்ணைக்காரரின் பந்தயக் குதிரைக்கும் கல்யாண ஊர்வலக் குதிரைக்குமே உதவி போய்ச் சேருமானால், கணக்கில் குதிரை பெருகும்; கழுதைக்காரர் குறைந்துகொண்டே போவார்.

இனத் தேர்விலும் எச்சரிக்கை வேண்டும். மார்வாரி, காத்தியவாரி ஜாதிகளுக்கு அழகும் விலையும் இருக்கின்றன, ஆதரவாளரும் இருக்கிறார்கள். லடாக்கின் ஜான்ஸ்கரி, ஹிமாசலத்தின் ஸ்பிதி, மணிப்புரி ஆகிய சிறிய மலைக்குதிரைகளுக்கு அப்படி இல்லை. உயரம் குறைவென்று ஒருகாலத்தில் தள்ளுபடியான உருவம் அவைகளுடையது. அந்த உருவத்தால்தான் காற்று மெலிந்த மலையில் சுமை ஏறுகிறது. ஹிஸாரிலுள்ள குதிரை ஆராய்ச்சி நிலையத்தாரும் மாகாணக் கால்நடை இலாகாக்களும் விந்துக் குழாயை நிரப்புமுன், எந்தப் பெட்டைக்கு எந்த ஆண் என்பதை அந்தப் பிராணியை வைத்துப் பிழைப்பவரிடமே கேட்கவேண்டும். குட்டி முழுவதும் அவருடையது, யாருக்கு என்ன விலைக்கு விற்பதும் அவர் இஷ்டம் என்பதை உதவிப் பத்திரத்தின் முதல் ஷரத்தாகவே, அவரவர் தாய்மொழியில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். இதற்கு மந்திரிசபையின் புதிய தீர்மானம் தேவையில்லை. இலாகா ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.