வெண்ணெய் நம்ம கையிலதான் இருக்கு!

(மூன்றாமாண்டு மாணவன், அனுமந்தை)



"கேம் பெட்டியா? படிக்கிற பிள்ளைக்கு அது எதுக்கு?" விளையாட்டுக் கன்சோல் என்று சொன்னாலே பெரியவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். அதற்கு ஒரு டிப்ளமோ மாணவனாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தையும் பாடத்தையும், வெளி இன்டர்நெட்டைத் தொடாமல், கன்சோல் வழியாக டி.வி.யில் ஓட விடலாம். இந்த வித்தை வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். என் கருத்து நேர்மாறானது. டேட்டாவை அளந்து அளந்து செலவு செய்யும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இது முதலில் தேவை!

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு மணி நேர வகுப்பு வீடியோ சுமார் 500 எம்.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மில் பலரிடம் இருப்பது தினம் ஒன்றரை ஜி.பி. பேக். மூன்று வகுப்பு பார்த்தால் அன்றைய கணக்கு தீர்ந்தது. அதற்குப் பிறகு வேகம் 64 கே.பி.பி.எஸ்.ஸுக்கு இறங்கினால், நாலாவது வகுப்பை இறக்க 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும்! ஹாஸ்டலில் 40 பேர் தனித்தனியாக அதே வகுப்பைப் பார்த்தால் 20 ஜி.பி. ஒருத்தர் ஒரே தடவை இறக்கி, ஒரு கம்ப்யூட்டரில் வைத்து, 40 பேரும் உள்ளுக்குள்ளேயே பார்த்தால் வெறும் 500 எம்.பி. மிச்சமெல்லாம் யார் பாக்கெட்டில் இருந்து போகிறது? 2024 ஜூலையில் நாட்டின் மூன்று பெரிய தனியார் செல்போன் நிறுவனங்களும் கட்டணத்தை ஏற்றினார்களே, அந்த வலி நம் எல்லோருக்கும் தெரியும். எங்க அம்மா மரக்காணம் அளத்தில் உப்பு வாரும் கூலியில் இருந்துதான் என் ரீசார்ஜும் வருது. மழை இறங்கினா பாத்தி முங்கிடும், கூலி நின்னுடும். ஆனா ரீசார்ஜ் தேதி மட்டும் நிக்கறதில்லை.

சரி, இது எப்படி வேலை செய்கிறது? பெரிய மந்திரம் எதுவும் இல்லை. கம்ப்யூட்டரும் கன்சோலும் ஒரே ரூட்டரில் இணைந்திருக்க வேண்டும். அந்த ரூட்டருக்கு இன்டர்நெட் இணைப்பே தேவையில்லை! கம்ப்யூட்டரில் ஓடும் சர்வர் மென்பொருள், "நான் இங்கே இருக்கேன், என்கிட்ட இன்னின்ன வீடியோ இருக்கு" என்று வீட்டு நெட்வொர்க்குக்குள் அறிவிக்கும். கன்சோல் பட்டியலைக் கேட்டு வாங்கித் திரையில் காட்டும். நாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கோப்பு முழுவதும் வந்து சேரும் வரை காத்திருக்காமல், வர வரவே ஓட்டும். நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். வாய்க்காலில் வரும் தண்ணியை முதல் பாத்தியில் கொஞ்சம் தேக்கி, அடுத்த பாத்திக்கு மடை திறக்கிற மாதிரி! அந்த முதல் பாத்திக்குப் பேர்தான் பஃபர்.

இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை யு.பி.என்.பி. என்ற பொது விதிமுறை. அதன் மேல்தான் டி.எல்.என்.ஏ. கட்டப்பட்டது. 2003-ல் சோனி, இன்டெல், மைக்ரோசாஃப்ட் போன்ற கம்பெனிகள் சேர்ந்து அதற்கான கூட்டமைப்பைத் தொடங்கின. அது 2017-ல் கலைந்துவிட்டாலும் விதிமுறை சாகவில்லை. 2006-ல் வந்த பிளேஸ்டேஷன் 3-க்கும் இந்த பாஷை புரியும். மேலே சொன்ன ஒரு மணி நேர வகுப்பு வீடியோவுக்கு விநாடிக்கு ஒரு மெகாபிட்டுக்குச் சற்று மேல் போதும். பத்து பேர் பார்த்தாலும் சாதாரண ரூட்டர் தாங்கும்.

இப்போது நம் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 2006 முதல் அரசு வீடு வீடாக இலவச கலர் டி.வி. கொடுத்தது. 2011 முதல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தது. இரண்டுமே அரசு கொடுத்ததுதான், ஆனா ஒண்ணோட ஒண்ணு பேசாது! எங்க வீட்டு டி.வி.யில் இருப்பது பழைய மஞ்சள், வெள்ளைத் துளை. பக்கத்து வீட்டு அண்ணன் எனக்குக் கொடுத்த அரசு மடிக்கணினியில் இருப்பது எச்.டி.எம்.ஐ. துளை. நடுவில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமே? என் ஹாஸ்டல் நண்பன் பழைய விலைக்கு வாங்கிய பிளேஸ்டேஷன் 3 அந்த வேலையைச் செய்தது. ஒரு பக்கம் வைஃபையில் மடிக்கணினியோடு பேசும், மறுபக்கம் மஞ்சள் வயரில் டி.வி.யோடு பேசும். லீவில் அதை ஊருக்குக் கொண்டு போனபோது, தங்கச்சியின் வாத்தியார் வாட்ஸப்பில் அனுப்பிய கணக்குப் பாடத்தை அந்த டி.வி.யில் ஓட்டினோம். அதுவரை அவள் அதை அம்மாவின் விரிசல் விட்ட செல்போனில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அதுவும் அம்மா வேலையில் இருந்து வந்த பிறகு.

"ஐந்நூறு ரூபாய்க்குள்ள கன்வெர்ட்டர் கிடைக்குமே, கன்சோல் எதுக்கு?" என்று நண்பர்கள் கேட்பார்கள். கிடைக்கும்தான். ஆனால் மடிக்கணினி டி.வி.யோடயே கட்டிக் கிடக்கும், வேறு வேலைக்கு ஆகாது. "பென்டிரைவ் போதாதா?" என்பார்கள். பென்டிரைவ் ஒரு நேரத்தில் ஒருத்தருக்குத்தான். தவிர பிளேஸ்டேஷன் 3 படிப்பது ஃபேட் 32 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவை. அதில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. சர்வர் வழியாக ஓட்டினால் அந்தத் தடை இல்லை. கன்சோலுக்குத் தெரியாத வகை வீடியோ என்றால், யுனிவர்சல் மீடியா சர்வர் போன்ற இலவச மென்பொருள்கள் ஓட ஓடவே மாற்றிக் கொடுத்துவிடும். அதற்குக் கம்ப்யூட்டரின் பிராசசர் கொஞ்சம் திணறும், அவ்வளவுதான்.

குறையையும் மறைக்கக் கூடாது. பழைய டி.வி.யில் கரும்பலகை எழுத்து மங்கலாகத்தான் தெரியும். முதலில் வந்த தடித்த மாடல் கன்சோல் மின்சாரத்தை நல்லாவே குடிக்கும். கடலோர வீட்டில் உப்புக்காற்று துளைகளைத் துருப்பிடிக்க வைக்கும். இதெல்லாம் இருந்தும் பயன் பெரிது என்பதே என் கட்சி.

தோழர்களே, இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் துறையைக் கம்பெனிகள் மட்டும் வளர்க்கவில்லை, மாணவர்களும் வளர்த்தார்கள்! நம் எல்லோர் கம்ப்யூட்டரிலும் ஆரஞ்சு கூம்பு படத்தோடு இருக்கிறதே வி.எல்.சி., அது எங்கே பிறந்தது தெரியுமா? 1996-ல் பாரிஸின் எகோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்களிடம். அவர்கள் விடுதி நெட்வொர்க் ரொம்ப மெதுவாக இருந்தது. வேகமான நெட்வொர்க் வேண்டுமென்றால் அதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டும். அறைக்கு அறை டிஷ்ஷும் பெட்டியும் வைக்காமல், சாட்டிலைட் டி.வி.யை நெட்வொர்க் வழியாகவே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அனுப்பும் திட்டத்தில் இறங்கினார்கள். அனுப்புவதற்கு ஒரு மென்பொருள், வாங்கி ஓட்டுவதற்கு ஒரு மென்பொருள். இரண்டையும் மாணவர்களே எழுதினார்கள். 2001-ல் கல்லூரி அனுமதி கொடுக்க, அது உலகுக்கே இலவசமானது. அந்தக் கூம்பு கூட மாணவர்கள் தெருவில் இருந்து கொண்டுவந்து சேர்த்த போக்குவரத்துக் கூம்புதான்! அதே போல இன்று கோடி (Kodi, கோடிக்கணக்கு அல்ல, மென்பொருளின் பெயரே அதுதான்) என்று அழைக்கப்படுவது, முதல் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்காக ஆர்வலர்கள் எழுதிய எக்ஸ்.பி.எம்.சி.தான். 2014-ல் பெயர் மாறியது.

ஹாஸ்டல் நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது என்று நாமும் தினமும் புலம்புகிறோம். அவர்கள் புலம்பலோடு நிறுத்தவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

எதற்காகத் திறந்த மென்பொருளை வற்புறுத்துகிறேன்? கம்பெனி கொடுத்ததைக் கம்பெனியே பிடுங்கிக்கொள்ளும் என்பதற்காக. பிளேஸ்டேஷன் 3-ல் ஆரம்பத்தில் லினக்ஸ் போட்டுக்கொள்ள வசதி இருந்தது. 2010 ஏப்ரல் மாத அப்டேட்டில் அதை எடுத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவன் வாயைப் பிளந்து நின்றான். 2013-ல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது வீட்டு நெட்வொர்க் வீடியோவை ஓட்டும் வசதியே இல்லை. 2015-ல்தான் தனியாக ஒரு ஆப் வந்தது. விண்டோஸ் மீடியா சென்டர் அதே 2015-ல் விண்டோஸ் 10-ஓடு மறைந்தது. 2022-ல் சில மாதங்கள் வி.எல்.சி.யின் இணையதளமே இந்தியாவில் திறக்கவில்லை. ஆனால் ஏற்கனவே இறக்கி வைத்திருந்தவர்களிடம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இதில் இருந்து என்ன தெரிகிறது? நம்மிடம் இருப்பது நம்மிடமே இருக்க வேண்டும். இரவல் கயிற்றை நம்பிக் கிணற்றில் இறங்கக் கூடாது.

திருட்டுப் படத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஓட்டுவதற்கு நியாயமான சரக்கே ஏராளமாக இருக்கிறது. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நம் ஆசிரியர்கள் சம்மதித்தால் அவர்கள் லேப் விளக்கங்களையே பதிவு செய்யலாம். 2020 ஊரடங்கில் நான் எட்டாம் வகுப்பு. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வரும். கரண்ட் போனால் அந்தப் பாடம் போச்சு, மறுபடி கேட்க வழியில்லை. பாடம் கம்ப்யூட்டரில் இருந்தால் பத்து தடவை திருப்பிக் கேட்கலாம். வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைக்கு அந்தப் பத்தாவது தடவைதான் டியூஷன்!

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, லேபில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் லினக்ஸும் மீடியா சர்வரும் போட்டு ஹாஸ்டல் பொது அறையில் வைக்க வேண்டும். இரண்டு, அதற்கென்று தனி ரூட்டர் வேண்டும். நிறுவன வைஃபைகளில் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி பாதுகாப்புக்காகத் தடுத்து வைப்பது வழக்கம், அதில் இந்த வேலை நடக்காது. மூன்று, பொது அறை டி.வி.யில் ஒரு பழைய கன்சோல். கன்சோல் கிடைக்காத இடத்தில் அவரவர் போனில் வி.எல்.சி. இருந்தாலே அதே பட்டியலைப் பார்க்கலாம்.

இதற்கு ஆகும் செலவு ஆண்டு விழா மேடை அலங்காரத்தில் ஒரு பங்குகூட வராது. அமைப்பதற்கு வெளியாள் வேண்டாம், நாமே செய்வோம். அதுவே நமக்கு ஒரு நெட்வொர்க்கிங் பிராக்டிகல்!

எங்க வீட்டில் கையெழுத்துப் போட்டுக் கல்லூரியில் சேர்ந்த முதல் ஆள் நான். என்னைப் போல் இந்த ஹாஸ்டலில் பலர் இருக்கிறோம். நம் வீடுகளில் டி.வி. இருக்கிறது, கம்ப்யூட்டரும் வந்து சேர்ந்திருக்கிறது, பாடம் இலவசமாகக் கிடைக்கிறது. இத்தனையும் இருந்தும் தினமும் டேட்டாவுக்குக் காசு தேடுகிறோம் என்றால், அது வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். வெண்ணெய் நம்ம கையிலதான் இருக்கு. அடுப்பை மூட்டுவோம், வாருங்கள்!